அட்டையில் என் முகம்

மார்ச் 4, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. மலேசியாவில், எங்கள் கிள்ளானில், மழை நாளில் துணி காயாது. எங்கள் வீட்டு முன்னறையில் வழக்கம்போல மூவரும்: நான், சரோஜா அக்கா, மேரி. பழைய சேலைகளில் பை தைக்கும் வேலை. மேரியின் மகள் போனில் ஒரு படம் அனுப்பினாள். பங்சார் பேரங்காடியில் எங்கள் பை. அதில் தொங்கும் அட்டையில் என் முகம்! கீழே ஆங்கிலத்தில்: ‘லட்சுமி, கணவரை இழந்தவர். நீங்கள் வாங்கினால் இவர் வீட்டில் அடுப்பெரியும். நியாய வணிகம்.’

நான் பரமேஸ்வரி. கணவர் அடுக்களையில் ரொட்டி சானாய் தின்றுகொண்டிருந்தார். படித்துக் காட்டினேன்.

“நான் செத்துட்டேனா? யாரும் சொல்லவே இல்லயே லா!”

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மார்ச் 5, புதன்

ஆறவில்லை. அந்தப் பங்சார் கடைக்காரி ஷாலினி, “சும்மா ஞாபகத்துக்கு ஆன்டி” என்று சொல்லித்தான் படம் எடுத்தாள். அன்றைக்கே எங்களுக்குத் தரும் விலையையும் குறைத்தாள். இதற்குப் பெயர் நியாய வணிகமாம்!

எங்கள் பைகளை வாங்கும் பிரிக்பீல்ட்ஸ் கடைக்காரர் குமரனும் அதே வார்த்தையைத்தான் சொல்கிறார். ஆனால் விலையை எங்களோடு உட்கார்ந்து பேசுகிறார். பாதிப் பணம் முன்கூட்டியே. துணிக்குக் கடன் வாங்குவது நின்றது. சரோஜா அக்கா கையுறை பெக்டரி வேலையை விட்டாள். கடை சின்னது, அதுதான் குறை.

மார்ச் 7, வெள்ளி

கொமுட்டர் ரயில் ஏறி, மாறி, பங்சார். வியர்வையோடு அந்த ஏசிக்குள்.

“மார்க்கெட்டிங் ஆன்டி. சோகமா இருந்தாதான் வாங்குறாங்க” என்றாள் ஷாலினி.

“என் புருஷன் உயிரோட இருக்காரும்மா.”

“யாருக்குத் தெரியப்போவுது?”

அட்டைகளை ஒவ்வொன்றாகப் பிய்த்தேன். வாங்க வந்த சீனப் பெண் என்னையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். “இது நீங்களா?” என்று மலாயில் கேட்டாள். முகம் என்னுடையது, மற்றதெல்லாம் பொய் என்றேன். அவள் பையை வைத்துவிட்டுப் போனாள்.

ஷாலினி: “இனிமே உங்களுக்கு ஓடர் கிடையாது.”

பிய்த்த அட்டைகளோடு ரயில் ஏறினேன். கோபமா, பயமா, தெரியவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

மேரி கத்தினாள். “எங்கள ஒரு வார்த்த கேட்டியா? எனக்கு வாடகை யாரு கட்டுவா?” நியாயம்தான். மூவர் வேலையை ஒருத்தி போய் முறித்துவிட்டேன். ஆனாலும் அந்த அட்டையை எப்படித் தொங்கவிடுவது? உயிரோடிருக்கும் கணவரைச் சாகடித்து விற்றா சோறு?

ஷாலினிக்குப் போன பைகளையும் எடுத்துக்கொள்வாரா என்று குமரனுக்குப் போன் செய்தேன்.

“பாதிதான் எடுக்க முடியும்க்கா. முழுசும் எடுக்கிறேன்னு பொய் சொல்ல மாட்டேன்.”

மீதிக்கு வேறு கடை தேட வேண்டும். தானும் விசாரிப்பதாகச் சொன்னார்.

மார்ச் 11, செவ்வாய்

வெயில். மேரி வந்தாள். என்னோடு பேச்சில்லை. குமரன் தன் கடை அட்டையில் என்ன எழுதலாம் என்று கேட்டிருந்தார். எங்கள் மூன்று பேர் பெயரும் போதுமா, ஊரும் வேண்டுமா என்று நானும் அக்காவும் பேசிக்கொண்டிருந்தோம்.

மேரி தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: “பை கிழியாதுன்னு போடு.”