கார்த்திகையில் காட்டுப்பன்றிக் கறி

ஓடைப்பட்டி,
ஐப்பசி 20

விஜய்ராஜுக்கு அப்பா எழுதுவது. நீ நலமா என்று கேட்க வேண்டியதில்லை, பெரு நாட்டில் நீ நன்றாக மென்று தின்பதை ஊரே போனில் பார்த்துவிட்டது. இங்கே உன் அண்ணன் ஈஸ்வரபாண்டி நலமாக இல்லை, அதனால் இந்த வீட்டில் யாருமே நலமாக இல்லை. போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய் என்றுதான் எழுதுகிறேன். உன் மதினி சொர்ணலதா இதைப் படம் எடுத்து அனுப்புவாள்.

உன் வீடியோக்களைப் பார்த்தேன். ஆற்றோர மண்மேட்டில் பஞ்சவர்ணக் கிளிகள் கூட்டமாக வந்து களிமண்ணைக் கொத்தித் தின்றபோது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, காட்டுக்குள் வழிகாட்டியின் பின்னால் சத்தமில்லாமல் நடக்க இவன் எப்போது கற்றான் என்று உன் அம்மாவிடம் கேட்டேன். பனைப்புழுவைக் குச்சியில் குத்திச் சுட்டுத் தின்றாய், முழுசாகப் பொரித்த சீமைப் பெருச்சாளியைத் தின்றாய், அது அந்த ஊர்க்காரர்கள் சாப்பாடு, அதில் எனக்குக் குறை இல்லை. அதோடு வாயை மூடியிருக்கலாம். "எங்களுக்கு இதெல்லாம் புதுசில்ல, போன கார்த்திகை மழையில தோட்டத்து மோட்டார் ரூம்ல அண்ணனும் நானும் காட்டுப்பன்னி சமைச்சு சட்டியைக் காலி பண்ணோம்ல" என்று சிரித்தாய். காலமெல்லாம் பத்திரிகைக்குச் செய்தி எழுதியவன் நான், நீ சொன்னதில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

போன கார்த்திகையில் உன் அண்ணன் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தான். அந்தக் கறியை மேகமலை ரோட்டில் வாங்கி வந்தவன் நீ, சமைத்தவன் நீ, தின்றவன் நீ. அவன் அந்த வாசத்துக்கு விலகித் திராட்சைப் பந்தலுக்கு அடியில் நனைந்துகொண்டு நின்றான், அவனுக்குக் குடை கொண்டுபோனவன் நான். கதை ருசிக்க வேண்டுமென்று அவனையும் சட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டாய்.

அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு வனத்துறையினர் போன வாரம் வீட்டுக்கு வந்தார்கள். காட்டுப்பன்றியைத் தின்பது குற்றம் என்று உனக்குத் தெரியும். யார் கொண்டுவந்தது என்று கேட்டதற்கு உன் அண்ணன், "நான்தான் சார் வாங்கியாந்தேன், தம்பிக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிவிட்டான். மாலை போட்டிருந்தேன் என்று சொல்லியிருந்தால் தப்பியிருப்பான், பிறகு மாட்டுவது நீ மட்டும், அதனால் சொல்லவில்லை. வழக்கு வரப்போகிறது. இத்தனை வருடம் ஊருக்கே இருமுடி கட்டிவிட்ட குருசாமி அவன். இந்த வருடம், "சாமி, நீங்க கொஞ்சம் ஒதுங்கியிருங்க" என்று அவன் கூட்டத்தாரே சொல்லிவிட்டார்கள். டீக்கடையில் ஒருவன், "குருசாமி வாராக, பன்னிக்கறி இருந்தா ஒளிச்சு வையிங்கப்பா" என்றானாம். சொர்ணலதா என்னிடம், "உங்க சின்ன மகன் அங்கன எதைத் தின்னா எனக்கென்ன மாமா, எம் புருசன் இங்கன சோறு திங்கல" என்றாள். உன் அம்மா இதையெல்லாம் சொன்னபோது நீ, "அதான் வீடியோவை டெலிட் பண்ணிட்டேன்ல" என்றாயாம். கிளி மண் தின்பதைப் பொறுமையாக உட்கார்ந்து படம் பிடிக்கிற உனக்கு அண்ணனுக்குப் போன் போட நேரமில்லை.

திங்கட்கிழமை என்னை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். தெரிந்தும் ஏன் சும்மா இருந்தாய் என்று கேட்டால் அதற்கும் பதில் சொல்லிக்கொள்கிறேன். தம்பியைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று உன் அண்ணன் என் கையைப் பிடித்துக் கெஞ்சுகிறான். நான் பார்த்ததைச் சொல்வேன். அதற்குள் நீயே வனத்துறை அதிகாரியிடம் பேசி உண்மையைச் சொல்லிவிட்டால், நான் சொல்ல வேண்டியது உன் அண்ணன் மழையில் நின்றது மட்டும்தான். அதிகாரியின் நம்பரை இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

மலேரியா மாத்திரையை விடாமல் போடு, ஆற்றுத் தண்ணீரைக் குடிக்காதே என்று எழுதச் சொன்னாள் உன் அம்மா ராக்கம்மாள். அவளுடைய ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு. என்னுடையதைத் திங்கட்கிழமைக்குப் பிறகு கேள்.

இப்படிக்கு,
ஈஸ்வரபாண்டியின் அப்பா,
சீனிச்சாமி