கோழிக்கூண்டில் வைக்க ரெண்டு முட்டை

பாப்பா,

பெரியம்மா வீட்டுக்குப் போறேன், வர மூணு நாள் ஆகும். தினமும் அப்பா எழுந்திரிக்கிறதுக்குள்ள ஃப்ரிட்ஜ்ல இருந்து ரெண்டு முட்டை எடுத்துக் கோழிக்கூண்டுல வெச்சிடு. சில்லுன்னு இருந்தா சந்தேகப்படுவார், ராத்திரியே வெளியில எடுத்து வெச்சுக்கோ.

"உங்க கோழிங்க கீரைப் பாத்தியத்தான் காலி பண்ணுது, முட்டையக் காணோம்"னு நான் சொன்னதுக்கு ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தார். கூண்டுல முட்டையப் பார்த்த பிறகுதான் என்கிட்ட பேசினார். இப்போ பக்கத்து வீட்டுக்காரருக்குக் கோழி வளர்ப்புப் பாடம் நடக்குது.

பின்குறிப்பு: இப்பதான் பார்த்தேன். தீவன மூட்டைக்குப் பின்னால அப்பாவும் ஒரு அட்டை கடை முட்டை ஒளிச்சு வெச்சிருக்கார். நேத்து நான் வெச்சது ரெண்டு, அவர் கொண்டுவந்து காட்டினது நாலு. எதுவும் கேட்டுடாதே. நீ ஒண்ணோட நிறுத்திக்கோ. இருக்கிறது மூணே பெட்டை, இப்படியே போனா சேவலும் முட்டை போட ஆரம்பிச்சிடும்.