வீட்டுக்கு வந்த எதிர்க்கட்சிக்காரர்

துலூத், மினசோட்டா
3 அக்டோபர் 1960

அன்புள்ள ஆர்விடுக்கு,

இங்கே நலம். ஏரியில் இப்போதே குளிர் கடிக்க ஆரம்பித்திருக்கும். பெட்டியின் அடியில் கம்பளிக் கையுறை வைத்திருக்கிறேன், வீம்பு பண்ணாமல் எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். பின்கதவு மறுபடி மக்கர் பண்ணியது. நானே தட்டிச் சரிசெய்துவிட்டேன்.

உங்கள் கடிதம் வந்தது. "ஜனாதிபதி வேட்பாளருங்க ரெண்டு பேரோட விவாதத்தைக் கப்பல்ல எல்லாரும் ரேடியோவுல கேட்டோம் வெர்னா, நம்மாளு அவனைத் துவைச்சுக் காயப்போட்டுட்டாரு" என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே கதை வேறு.

நம் கட்சியின் மாவட்டச் செயலாளர் ஹால்வர்சன் விவாதத்துக்கு முந்தின நாளே வந்து, "தலைவரு ரயில்ல வர்றப்போ ரயிலடியில போய்க் கொடி ஆட்டுனதெல்லாம் அந்தக் காலம். டிவி இருக்கிற உன் வீட்டுல தெருவையே கூட்டு. காப்பியும் பன்னும் குடு. மத்ததை நம்மாளு பாத்துக்குவாரு" என்றார். அப்படியே செய்தேன். கால் வைக்க இடமில்லை. உங்கள் நாற்காலியைச் செயலாளரே பிடித்துக்கொண்டார்.

படம் தெரிந்ததும் பக்கத்து வீட்டு இங்கா, "ஐயையோ, இவருக்கு என்ன, காய்ச்சலா? யாராச்சும் கொஞ்சம் சூப்பு குடுங்களேன்டி!" என்றாள். நம்மவரின் முகவாயெல்லாம் வியர்வை. ஹால்வர்சன், "டிவிதான் கோளாறு, ஏரியலைத் திருப்பு!" என்று கத்தினார். திருப்பினேன். வியர்வை இன்னும் தெளிவாகத் தெரிந்தது. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது.

வியர்வைக்காக மனம் மாறுகிறவள் இல்லை நான். ஆனால் எதிர்க்கட்சிக்காரரும் பேசினாரே! கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கட்சிக் கூட்டம் நடக்கும் பக்கம் நான் தலைவைத்துப் படுத்ததில்லை. ஊர் என்ன சொல்லும், அதைவிட நீங்கள் என்ன சொல்வீர்கள்! இப்போது அவரே என் வீட்டுக்குள் வந்துவிட்டார். வந்தவர் பேசும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியுமா? முழுக்கக் கேட்டேன். பள்ளிக்கூடம், வயதானவர்களின் வைத்தியச் செலவு என்று அவர் சொன்னதில் பாதி, நான் பாத்திரம் கழுவும்போது எனக்குள்ளே சொல்லிக்கொண்டதுதான். சந்தோஷமாக இருந்தது ஆர்விட். கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

அடுத்த விவாதத்துக்கும் ஹால்வர்சன் நம் வீட்டையே கேட்கிறார். "உன் காப்பிக்கே நாலு ஓட்டு விழும்" என்று ஒரே புகழ்ச்சி. விழப்போவது எந்தப் பக்கம் என்று தெரியாது, பாவம் மனுஷன். சரி என்று சொல்லியிருக்கிறேன்.

"நம்ம வீட்டு ரெண்டு ஓட்டும் எப்பவும்போலத்தானே?" என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். உங்களுடையதை மறக்காமல் தபாலில் அனுப்பிவிடுங்கள். என்னுடையதை நான் போய்ப் போடுகிறேன். சாவடியில் திரையை இழுத்துவிட்டால் உள்ளே நான் மட்டும்தான்.

ஏரி உங்களைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும். வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து எது வேண்டுமானாலும் கேளுங்கள், அதை மட்டும் கேட்காதீர்கள். உங்களிடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

என்றும் உங்கள்,
வெர்னா