ஓரம் ஊதின ஒன்பது பலகை

காளிகாட், கல்கத்தா
ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை காலை

சௌபாக்கியவதி கீதாஞ்சலிக்கு அப்பா அநேக ஆசீர்வாதம். உபய க்ஷேமம் என்று எழுதித் தொடங்குவது வழக்கம், இந்தத் தடவை இந்தப் பக்கம் முக்கால் க்ஷேமம் என்று வைத்துக்கொள். அம்மாவுக்கு இடுப்பு எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார், ஆனால் ஹால் கட்டிலை விட்டு நான்கு எட்டுக்கு மேல் வைக்க மாட்டேன் என்கிறாள். மொசைக் தரையைப் பார்த்தாலே கால் கூசுகிறதாம். இப்படியே இன்னும் ஒரு மாதம் படுத்திருந்தால் அப்புறம் நடக்கவே முடியாமல் போய்விடும் என்று பிசியோதெரபி பெண் பயமுறுத்துகிறாள். டப்ளினில் இப்போதே குளிர் ஆரம்பித்திருக்கும், மாப்பிள்ளை கிரிதரை மழையில் சைக்கிள் விட வேண்டாம் என்று சொல். தினமும் போனில் பார்க்கிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் பேசினால் அம்மா பக்கத்தில் இருக்கிறாள், பாதியிலேயே என் வாயை அடைத்துவிடுவாள். முதலில் பலகை சமாசாரத்தைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

அம்மா வழுக்காமல் நடக்க வேண்டுமென்று படுக்கை அறைக்கு நீ பார்த்துப் பார்த்து வரவழைத்த லேமினேட் பலகைகள் வந்து இறங்கியபோதே தெளிவாகச் சொல்லியிருந்தாய், பாக்கெட்டைப் பிரிக்காதே, போடப் போகிற அறையிலேயே இரண்டு மூன்று நாள் படுக்க வைத்துவிடு, பலகை அந்த அறைக்குப் பழக வேண்டும் என்று. நான் கேட்டேனா? நிறத்தைப் பார்க்கிற அவசரத்தில் எல்லாவற்றையும் பிரித்து, வழியில் இடறும் என்று பின்பக்க வராந்தாச் சுவரில் சாய்த்து நிறுத்தினேன். ஆவணி பிறந்தால் இந்த ஊர் பாத்ர மாசப் புழுக்கம் உனக்குத் தெரியும், உப்புகூட ஜாடியிலேயே நீர் விட்டுக்கொள்கிறது. பத்து நாளில் பலகைகள் நடுவே விரல் நுழையும் அளவுக்கு வளைந்துவிட்டன. தரை போட வந்த தச்சன் சந்தீப் மிஸ்திரி ஒவ்வொன்றாகத் தரையில் போட்டு, ஒரு முனையை அழுத்தி மறுமுனை எழும்புகிறதா என்று பார்த்தான். சும்மா வளைந்தது படுக்கப் போட்டால் படிந்துவிடும், முறுக்கிக்கொண்டதும் ஓரம் ஊதினதும் தேறாது என்றான். அறையிலேயே அடுக்கி, மேலே அரிசி டிரம்மையும் உன் காலேஜ் புத்தகப் பெட்டியையும் ஏற்றி, ஃபேனைப் போட்டு நான்கு நாள் வைத்தோம். முக்கால்வாசி படிந்துவிட்டது. கொஞ்சம் வளைவு மிச்சமிருப்பதைச் சின்னத் துண்டாக அறுத்துச் சுவரோரம் போட்டுக்கொள்கிறானாம். ஓரம் ஊதின ஒன்பது பலகைதான் வீண். நான் சும்மா இல்லாமல், பிசின் தடவி அழுத்திவிடேன், யாருக்குத் தெரியப் போகிறது என்று கேட்டேன். எங்களைச் சித்தப்பா, சித்தி முறை வைத்துக் கூப்பிடுகிறவன், மேஷோமஷாய், இது மாஷிமா வாக்கர் வைத்து நடக்கப் போகிற தரை, ஒரு நூல் தூக்கினாலும் இடறும், அவரை இன்னொரு தடவை விழவைக்கிற வேலையை நான் செய்ய மாட்டேன் என்று பெங்காலியில் சொல்லிவிட்டு அந்த ஒன்பதையும் எடுத்து வெளியே வைத்துவிட்டான். எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்று அவனுக்குத் தெரியாது.

நேற்று நீ வீடியோவில், பலகையை யார் நிறுத்தி வைத்தது என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா கட்டிலிலிருந்தே, நான்தாண்டி நிறுத்தச் சொன்னேன், கால்ல இடறுமேன்னு என்றாள். அவள் அந்தப் பலகைகளைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. உனக்கு எதுக்கும்மா இந்த வேலை, மாத்திரையும் போட மாட்டே, சொன்னதையும் கேக்க மாட்டே என்று நீ பொரிந்து தள்ளினாய். சரிடி, தப்புதான் என்றாள். நான் பக்கத்தில் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தேன்.

கீதா, ஆனி மாதம் என் அப்பாவின் தெவசத்தன்று அம்மாவுக்குத் தலை சுற்றவில்லை. அன்று காலை நானே வாளி வாளியாகத் தண்ணீர் விட்டு வீடு முழுக்க அலம்பினேன், துடைக்கவில்லை. அம்மா அடுப்படியிலிருந்து, செத்த இருங்கோ, தரை காயட்டும், வழுக்கறது என்று இரண்டு தடவை சொன்னாள். சாஸ்திரிகள் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார் என்று எனக்குப் பதற்றம். என்ன பெரிய தரை, சீக்கிரம் கொண்டா என்று எல்லார் எதிரிலும் கத்தினேன். சாதப் பாத்திரத்தோடு ஓடி வந்தவள்தான் விழுந்தாள். ஆஸ்பத்திரியில் எப்படி விழுந்தீர்கள் என்று டாக்டர் கேட்டபோது என்னை ஒரு தரம் பார்த்தாள், தலை சுத்தித்து டாக்டர் என்றாள். உனக்கும் அதையேதான் சொன்னாள். அப்படியானால் பிரஷர் மாத்திரையை விட்டிருக்கிறாள் என்று நீ முடிவு கட்டினாய், இருக்கலாம் என்று நானும் சொன்னேன். பதினொரு வருஷமாக அந்த மாத்திரை டப்பாவை நிரப்புகிறவன் நான். அவள் ஒரு வேளைகூட விட்டதில்லை. இரண்டு மாதமாக நீ தினமும் திட்டுகிறாய், அவள் வாங்கிக்கொள்கிறாள், நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. நேற்று நீ போனை வைத்த பிறகு, பலகைப் பழியையும் எதற்கு இழுத்துப் போட்டுக்கொண்டாய் என்று அவளைக் கேட்டேன். குழந்தை ஒரு சொல் சொன்னா நீங்க தாங்க மாட்டேள், எனக்குப் பழகிப் போச்சு என்றாள்.

குறைகிற பலகைக்கு இன்னொரு பாக்கெட் வேண்டும், அட்டையில் இருந்த எண்ணை வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறேன், அதே நிறம் கிடைக்கிறதா பார். வந்தால் இந்தத் தடவை பிரிக்க மாட்டேன். இந்தக் கடிதம் அம்மாவுக்குத் தெரியாது, இப்போது நானே தபாலாபீசுக்கு நடந்து போய்ச் சேர்க்கப் போகிறேன். நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும், காளிகாட் அம்மன் உங்களுக்குத் துணை. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இது கைக்குக் கிடைத்த அன்றே என் நம்பருக்குக் கூப்பிடு. அம்மாவை எவ்வளவு திட்டினாயோ அவ்வளவையும் என்னைத் திட்டு. நான் அவள் கட்டிலோரமாக உட்கார்ந்து ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறேன். நடுவில் அவள் எனக்குப் பரிந்துகொண்டு வருவாள். நீ நிறுத்தாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
வைத்தீஸ்வரன்