என் பெயர் தைத்த ஜீன்ஸ்

செப்டம்பர் 2, செவ்வாய்

புழுக்கம். மேகம் நிற்கிறது, மழை இல்லை. பள்ளி வேலைக்கு லீவு போட்டேன். வயிற்றுவலி என்று எழுதிக் கொடுத்தேன். உண்மைக் காரணம் ஜீன்ஸ் துவைப்பது. ஞாயிற்றுக்கிழமை என்றால் மனைவி கலா வீட்டில் இருப்பாள், பிரஷ்ஷோடு வந்து நிற்பாள். இன்று அவள் பால் சொசைட்டிக்கு வேலைக்குப் போயாயிற்று, பாப்பா பள்ளிக்கு.

வாங்கி எட்டு மாதம். இதுவரை தண்ணீரே காட்டவில்லை. நிழலில் காற்றாடப் போட்டது, அழுக்குப் பட்ட இடத்தில் ஈரத்துணி. அவ்வளவுதான். இன்று முதல் துவையல்.

உள்பக்கம் வெளியே. பித்தான் எல்லாம் பூட்டி. பச்சைத்தண்ணீர். பூந்திக்கொட்டை ஊறிய சாறு இரண்டு டம்ளர். சோப்புத்தூள் கூடாது. தேய்க்கக் கூடாது. முக்கால் மணி நேரம் ஊறல். பிழியக் கூடாது, தூக்கிப் பிடித்து வடிய விட வேண்டும். பிறகு நிழலில், கால் பக்கம் மேலே.

தண்ணீர் கருநீலம். பதினோரு வருடமாகப் பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். எத்தனையோ நீலம் பார்த்தாயிற்று, இது வேறு. சாயம் நூலின் மேல்தோலில்தான் இருக்கிறது, உள்ளே வெள்ளை. உடம்பு மடங்கும் இடத்தில் உரிந்து வெளுக்கும். ஆளுக்கு ஆள் வேறு மாதிரி வெளுக்கும். அதுதான் அழகு.

அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து: “கோணிய யாராவது இப்டி குளிப்பாட்டுவாங்களாடா?”

சிரித்து வைத்தேன். இருபத்தாறு வயது வரை அண்ணன் போட்டுக் கழித்த பேன்ட்தான் எனக்கு. கீழே மடித்துத் தைத்து, இடுப்பில் கயிறு. வேலைக்குச் சேர்ந்த அன்றும் அப்படித்தான். அப்புறம் ரெடிமேடில் கைக்கு வந்ததை எடுத்துப் போட்டுக்கொண்டேன். இந்த ஜீன்ஸ் வாங்கும்போதுதான் கடைக்காரர் டேப் வைத்து அளந்து “முப்பத்திரண்டு சார்” என்றார். அதுவரை என் இடுப்பளவு எனக்குத் தெரியாது.

காயப் போடும்போது பார்த்தேன். தொடையிடுக்கில் நான்கு விரல் நீளத்துக்குக் கிழிசல். பைக் சீட் தின்றிருக்கிறது. மத்தியானம் சோறு இறங்கவில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

மாலை தூறல். பள்ளி முடிந்து நேரே பூரணாங்குப்பம், ஸ்டெல்லா வீடு. ஜீன்ஸ் தைக்கும் எக்ஸ்போர்ட் கம்பெனியில் பல வருடம் இருந்தவள். கம்பெனி வேறு ஊருக்குப் போனபின் வீட்டிலேயே இரண்டு மெஷின். போன வருடம் ஆசிட் பட்டு ஓட்டையான என் சட்டையை ஓட்டை எங்கே என்று தேடும்படி சரிசெய்து கொடுத்தாள்.

கிழிசலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “நல்ல துணிணா. ஓரத்துல செவப்பு நூலு ஓடுது பாருங்க. இத யாரும் இங்க கொண்டாந்ததில்ல. பின்னாடி ஒரு துண்டு வெச்சி, கோடு எந்தப் பக்கம் சாயுதோ அதே சாய்வுல நூல ஓட்டிடறன். தெரியாது.”

இடுப்புப் பட்டியின் உள்ளே வெள்ளை நாடாவில் வாடிக்கையாளர் பெயரும் போன் நம்பரும் தைத்துவிடுவாள். துணி மாறிப் போனால் வம்பு என்று பழக்கம். ‘செல்வம்’ என்று தைத்தாள். நம்பருக்குக் கலாவின் நம்பரைக் கொடுத்தேன். ஆய்வகத்தில் என் போன் அலமாரிக்குள் கிடக்கும்.

அவள் வீட்டுக்காரர் அருள் வந்து நின்றார். டிரைவர். ஓட்டிய வேனை முதலாளி விற்றுவிட்டதால் நான்கு மாதமாக வேலை இல்லை. என் உயரம், என் உடம்பு. ஜீன்ஸைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

“இன்னா சார், இந்தக் கனம் கனக்குது. போட்டா எப்டி இருக்கும்?”

“மொதல்ல பலகை மாதிரி. அப்புறம் ஒடம்போட ஒட்டிக்கும்.”

“ம்,” என்று மடித்து வைத்தார். மடித்த விதம் ஒழுங்கு.

அடுத்த வெள்ளி வரச் சொன்னாள்.

செப்டம்பர் 12, வெள்ளி

காஸ் புக் செய்தாயிற்று. பாப்பாவுக்கு முன்பல் விழுந்தது. செலியமேடு ரோட்டில் குழாய்க்குத் தோண்டிப் போட்டதை இன்னும் மூடவில்லை.

ஜீன்ஸ் தயாராகவில்லை. “நூலு கலரு ஒத்து வரலணா. செவ்வாக்கெழம வாங்க.” ஸ்டெல்லா மெஷினைப் பார்த்தே பேசினாள். நான் முகம் கொடுக்காமல் வந்துவிட்டேன். எட்டு நாள் போதாதா ஒரு கிழிசலுக்கு?

கலா: “பொண்ணு பல்லு வுழுந்ததுக்குக் கூட இப்டி மூஞ்சிய தூக்கி வெச்சிக்கல நீங்க.”

செப்டம்பர் 16, செவ்வாய்

மாலை 6.30. எழுதிவிட வேண்டும், வரிசையாக.

காலை 11 மணி சுமார். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உப்புகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். ஆபீஸ் கிளார்க் மேடம் வாசலில் வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் இன்னும் வெளுத்தது.

“செல்வம், நீங்க இங்கதான் இருக்கீங்களா?”

“இங்கதான் மேடம்.”

“போன் வந்திருக்கு. லைன்லயே இருக்காரு. வாங்க.”

ரிசீவரை வாங்கினேன். எங்கள் எதிர்வீட்டுக்காரர் குரல். யார் எடுத்தது என்று கேட்காமலே, “சார், உங்க லேப்ல வேல செய்யற செல்வத்துக்கு ஆக்சிடென்ட் ஆயிடுச்சி சார். பெரியாஸ்பத்திரிலேருந்து அவுரு வூட்டுக்காரம்மாவுக்கு போன் வந்துச்சி. நெனவு இல்லியாம். அந்தம்மா அவுரு அண்ணனோட ஆஸ்பத்திரிக்கி ஓடியிருக்கு. ஸ்கூல்லேருந்து யாராவது போனா நல்லாருக்கும்.”

“நான் செல்வந்தான் பேசறன்.”

“எந்தச் செல்வம்?” என்றார்.

அலமாரியைத் திறந்தேன். போனில் இருபத்துமூன்று தவறிய அழைப்பு. எல்லாம் கலா, அண்ணன். நான் அழைத்தேன். இரண்டு பேரும் எடுக்கவில்லை. பைக்கில் கிளம்பினேன். என் சாவைப் பார்க்க நானே போகிற மாதிரி. வழியில் தவளக்குப்பம் திருப்பத்தில் போலீஸ், ஒரு லாரி, ரோட்டில் ரத்தத்தை மண் கொட்டி மூடிய இடம். அதன் ஓரமாகத்தான் போனேன்.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவுக்கு வெளியே, சுவரில் சாய்ந்து தரையில் கலா. காலில் செருப்பு இல்லை. பக்கத்தில் அண்ணன், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு. கலா நிமிர்ந்து பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. கை நீட்டி என் பேன்ட் கால் நுனியைப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் விடவில்லை.

அண்ணன்தான் சொன்னார். “மொகம் வீங்கிக் கட்டுப் போட்டிருந்துதுடா. ஆளே தெரியல. உன் பேன்ட்டு, உன் பேரு, அவ நம்பரு. இன்னா பண்றது? கலாதான் காலப் பாத்துட்டு, இது அவுரு காலு இல்லன்னு சொன்னா.”

அருள். ஸ்டெல்லாவின் அருள். தைக்கக் கொடுத்திருந்த என் ஜீன்ஸில். அவர் போன் நொறுங்கிப் போனதால், நர்ஸ் இடுப்புப் பட்டியில் இருந்த நம்பருக்கு அடித்திருக்கிறார். ஹெல்மெட் உயிரைக் காப்பாற்றியது. வலது கால் இரண்டு இடத்தில் முறிவு.

ஸ்டெல்லாவுக்கு நான்தான் போன் செய்தேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை.

இனி எழுதப் போவது யாரும் பார்க்கக் கூடாதது.

நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் பையோடு வெளியே வந்து, “செல்வம் யாரு? இந்தாங்க, பொருள்” என்றார். உள்ளே ஜீன்ஸ். இரண்டு காலும் கத்தரியால் நெடுக வெட்டி, ரத்தம் ஊறி. நான் வாயைத் திறந்தேன். அந்த ஆள் பிழைப்பாரா என்று கேட்கவில்லை.

“வெட்டாம கழட்டியிருக்க முடியாதா சிஸ்டர்?”

இதுதான் கேட்டேன். என் குரல்தான். நர்ஸ் என்னைப் பார்த்தார், உள்ளே போனார். கலா என் பேன்ட் நுனியை விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் வேறொருவர் வந்து, ஆபரேஷனுக்கு ரத்தம் வேண்டும், கொடுக்கிறவர்கள் யார் என்றார். எனக்கு அது காதில் விழுந்து புரிவதற்குள் கலா எழுந்து அவர் பின்னால் போய்விட்டாள்.

செப்டம்பர் 17, புதன்

வெயில். ஆபரேஷன் நேற்று இரவே முடிந்ததாம், கம்பி வைத்திருக்கிறார்கள். நினைவு வந்துவிட்டது.

கலா பேசவில்லை. காபி வைத்தாள், டிபன் கட்டினாள். “பாப்பா பேக்ல தண்ணி பாட்டில் வெக்கணும்.” காலையிலிருந்து இது ஒன்றுதான்.

பள்ளியில் எல்லாரும் கை குலுக்கினார்கள். கண்டம் தாண்டிவிட்டது, நூறு வயது என்றார்கள். சாக்பீஸ் கொடுக்க வந்த பெண் என் கையைத் தொட்டுப் பார்த்தது. நான் அவர்கள் கண்ணைப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

ஆஸ்பத்திரி, மாலை. ஹார்லிக்ஸ், ஆரஞ்சு. ஸ்டெல்லா என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். மூன்று நாளாக அதே புடவை.

“தப்பு எம்மேலதாண்ணா. ஒங்க பேன்ட்டு போன வியாயக்கெழமயே ரெடி. ரிசார்ட்டுல டிரைவர் வேலக்கி அவுர வரச் சொல்லியிருந்தாங்க. நல்ல ட்ரெஸ்ஸுல வரணுமாம், வெளிநாட்டுக்காரங்கள ஏத்திக்கினு போற வண்டி. இருந்த ஒரு பேன்ட்டும் பின்னாடி நைஞ்சி போயி... நாந்தான் எடுத்துக் குடுத்தன். அவுரு வாணாம்னாரு.”

ஆரஞ்சுப் பையை வாங்கிக் கீழே வைத்தாள்.

“மறுபடியும் செவ்வாக்கெழம வான்னுட்டாங்க. அதான் ஒங்ககிட்ட நூலு ஒத்து வரலன்னு பொய் சொன்னன். நடுவுல ஒரு வாட்டி சோப்புத்தூள் போட்டுத் தொவச்சிட்டன். பயந்துகினே தொவச்சன்.”

சோப்புத்தூள் என்றதும் உள்ளே ஏதோ சுருக்கென்றது. இத்தனைக்குப் பிறகும். அதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை.

“வுடும்மா, பரவால்ல” என்றேன். அவள் பரவாயில்லை என்று எடுத்துக்கொண்டாளா, தெரியவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

பை தோட்டத்துக் குழாயடியில் மூன்று நாளாகக் கிடந்தது. நாற்றம். எரித்துவிடு என்றார் அண்ணன். எடுத்துத் தொட்டியில் போட்டேன். ரத்தத்துக்குச் சுடுதண்ணீர் ஆகாது, உறைந்துவிடும். பச்சைத்தண்ணீரில் உப்பு. இதெல்லாம் எனக்குத் தெரிந்திருக்கிறது.

முதல் தண்ணீர் பழுப்பு. இரண்டாவதும். நான்காவதில்தான் நீலம் வந்தது. ஊற்றிவிட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன்.

கிழிசல் தைத்த இடம் மட்டும் அப்படியே இருக்கிறது. விரலால் தடவித்தான் கண்டுபிடித்தேன். அவ்வளவு நேர்த்தி.

செப்டம்பர் 21, ஞாயிறு

அருளை வார்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். முக வீக்கம் வடிந்திருக்கிறது. காலைத் தூக்கிக் கட்டி, பக்கத்தில் டிரான்சிஸ்டர். ஸ்டெல்லா டீ வாங்கப் போயிருந்தாள்.

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தினார்.

“சார், ஒண்ணு சொல்றன். கோச்சிக்காதீங்க. மொத நாளு அந்த மேனேஜரு வெளில வந்தாரு. நாலு பேரு ஒக்காந்திருந்தம். எல்லாரையும் தாண்டி நேரா எங்கிட்ட வந்து, ‘ஒக்காருங்க சார், காபி சாப்டறீங்களா’ன்னாரு. கஸ்டமருன்னு நெனச்சிட்டாரு. நாப்பத்தோரு வயசாவுது. என்னய யாரும் சாருன்னு கூப்ட்டதில்ல.”

சிரித்தார். சிரிப்பு விலாவில் வலித்திருக்க வேண்டும், கண்ணை மூடினார்.

“செவ்வாக்கெழம வேல குடுத்துட்டாங்க சார். நாளைக்கே வந்து வண்டிய எடுன்னாங்க. அதச் சொல்லத்தான் வூட்டுக்கு வந்துக்கினு இருந்தன். பேன்ட்டக் கழட்டி தொவச்சி ஒங்க கைல குடுத்துட்டு, எல்லாத்தையும் சொல்லிடணும்னு ஸ்டெல்லாகிட்ட...”

வேலை இப்போது வேறு ஆளுக்குப் போய்விட்டது. எழுந்து நடக்க ஐந்தாறு மாதமாவது ஆகும் என்கிறார்கள்.

நர்ஸிடம் நான் கேட்ட கேள்வி அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இதை என்னிடம் சொல்லியிருப்பாரா? சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. ஸ்டெல்லா டீயோடு வந்துவிட்டாள். வாங்கிக் குடித்தேன்.

செப்டம்பர் 24, புதன்

நல்ல மழை, மத்தியானம் முழுக்க. பள்ளி அரை நாள். கலாவும் சீக்கிரம் வந்துவிட்டாள். பாப்பா தூக்கம்.

அலமாரியிலிருந்து என் பேன்ட் இரண்டு, முழுக்கைச் சட்டை மூன்று எடுத்துத் தேய்த்து மடித்தேன். காட்டன் பேன்ட்கள், நன்றாகத் தைத்தவை. அருளுக்கு. கால் சரியானதும் எங்காவது வேலை கேட்டுப் போக வேண்டுமே. கொடுத்தால் அவமானமாக நினைப்பாரோ என்ற குழப்பம் வேறு.

கலா கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு நாளுக்குப் பிறகு அவளாகப் பேசினாள்.

“அன்னிக்கு நர்ஸம்மாகிட்ட நீங்க கேட்டது.”

“தெரியும்.”

“அத மறக்க முடியல எனக்கு.”

“எனக்கும்தான்.”

உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். ஒரு சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“நான் ஒண்ணு சொல்லட்டா? அன்னிக்கு வண்டியில போறப்ப நான் அழுவல. ஒங்க அண்ணன் அழுவறாரு, எனக்கு வரல. நீங்க போய்ட்டீங்கன்னே முடிவு பண்ணிட்டன். போய்ட்டீங்க, கடைசியா ஒங்களுக்கு எந்தச் சட்டய போட்டு வுடறதுன்னு யோசிச்சினு வந்தன். அந்த நீலக் கட்டம் போட்டது பித்தான் அறுந்து கெடக்குது, தெக்கலியேன்னு. வெள்ள சட்ட காலர்ல அழுக்கு. பாகூர் தாண்டி ஆஸ்பத்திரி வர்ற வரைக்கும் இதேதான். வேற ஒண்ணும் தோணல. இப்ப நெனச்சா எனக்கே கொல நடுங்குது.”

இஸ்திரிப்பெட்டி சூடாக இருந்தது, பிளக்கைப் பிடுங்கினேன்.

கலா மடியிலிருந்த சட்டையை மடித்து அடுக்கின் மேல் வைத்தாள். பிறகு அரிசி களையப் போய்விட்டாள்.

கடைசியில் எந்தச் சட்டையை முடிவு செய்தாள் என்று நான் கேட்கவில்லை.