எலிக்குக் கேட்ட மருந்து

அன்பு மகள் வாயாடிக்கு அப்பா எழுதுவது. நீ நலமா என்று கேட்டுவிட்டு, நாங்கள் நலம் என்று எழுதுவதுதான் என் வழக்கம். இந்தத் தடவை பின்பாதியை எழுதக் கை வரவில்லை. முதலில் உட்கார்ந்துகொள். அம்மா உயிரோடு இருக்கிறாள், பேசுகிறாள், என்னைத் திட்டவும் செய்கிறாள். அதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படி. போனில் சொல்லலாம்தான், ஆனால் உன் குரலைக் கேட்டால் நான் உடைந்துவிடுவேன்.

மூன்று வாரத்துக்கு முன் எதிர்வீட்டுத் தையல்காரி என் கண்ணாடிக் கடைக்கு மூச்சிரைக்க ஓடி வந்தாள். ரவிக்கைக்கு அளவெடுக்கும்போது அம்மாவின் இடது மார்பில் எலுமிச்சங்காய் அளவுக்குக் கட்டி தட்டுப்பட்டதாம். "ஏழு மாசமா இருக்காம் அண்ணே, யார்கிட்டயும் சொல்லாதேங்கறாங்க" என்றாள். என் கையிலிருந்த லென்ஸ் விழுந்து உடைந்ததுகூட எனக்குத் தெரியவில்லை, கடைக்கு வந்தவர்தான் குனிந்து பொறுக்கினார். ஏழு மாதம், ஒரே கூரைக்குக் கீழே! ஊரார் கண்ணையெல்லாம் சோதிக்கிறவன், சொந்த வீட்டில் குருடனாக இருந்திருக்கிறேன்.

ஓடிப்போய் அம்மாவிடம் கேட்டேன். பதிலுக்கு அவள் உன் ஆராய்ச்சியைத்தான் இழுத்தாள். கொழுப்புக் குமிழுக்குள் மருந்தை அடைத்து, அது கெட்ட செல்லை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும், உடம்பின் மற்ற இடத்தைத் தொடாது என்று நீ சாப்பாட்டு மேசையில் படம் போட்டுக் காட்டினாயே, அந்தத் தாள் அவள் துணிகளுக்கு அடியில் இருக்கிறது. எலிகளுக்குக் கட்டி சுருங்கியது என்று நீ போனில் குதித்த வாரம்தான் அவள் கையில் இது தட்டுப்பட்டதாம். "எலிக்கே கேட்டிருக்கு, எனக்குக் கேட்காதா? நம்ம பொண்ணு மருந்து வர்ற வரைக்கும் பொறுத்துக்கலாம்னு இருந்தேன்" என்றாள், பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி. உன் பெரியம்மா புற்றுநோய் மருந்தில் முடி கொட்டி, வாந்தி எடுத்தே எலும்பானதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் இல்லையா?

மறுநாளே இழுத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எலிக்கும் மனுஷனுக்கும் நடுவுல எத்தனையோ வருஷம் இருக்கும்மா. உங்க பொண்ணு கெட்டிக்காரிதான், ஆனா கட்டி காத்திருக்காது" என்றார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, நேற்றுத் தையலும் பிரித்தாகிவிட்டது. அக்குளில் இரண்டு இடத்தில் பரவியிருக்கிறது. மருந்து ஏற்றினால் பிழைத்துக்கொள்வாள் என்கிறார், பழைய மருந்துதான், முடி கொட்டுகிற மருந்து. இவளோ முடியாது என்று சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். நான் கெஞ்சியும் பார்த்தேன், கத்தியும் பார்த்தேன். கடைசியில், "அவ சொல்லட்டும், போட்டுக்கறேன்" என்றாள்.

அதனால்தான் எழுதுகிறேன். உன் மருந்து இன்னும் வரவில்லை, இதைப் போட்டுக்கொள் என்று நீதான் சொல்ல வேண்டும். இத்தனை வருடம் உழைத்தவள் வாய்க்கு அது எவ்வளவு கசக்கும் என்று எனக்குத் தெரிகிறது மகளே. உன் மேல் ஒரு குற்றமும் இல்லை. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் என் மகள் புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்துவிட்டாள் என்று அளந்தவன் நான், உன் அம்மா அதை நம்பினாள், அவ்வளவுதான்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஆய்வுக்கூடத்திலேயே தூங்கிவிடாதே. நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், நூறு வருஷம் நன்றாக இரு. இருபதாம் தேதி காலை ஒன்பது மணிக்கு மருந்து ஏற்ற வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முன்னால் கூப்பிடு. போனை நான் எடுக்க மாட்டேன், அவளே எடுப்பாள்.

கலங்கிப்போன,
உன் அப்பா