ஹெட்போன் மாட்ட முடியாத மெஷின்

புரட்டாசி, ஞாயிறு இரவு

விட்டுப்போன பழைய ஆசை. நல்ல மெட்டல் டிடெக்டர் கைக்கு எட்டாத விலை. அதனால் செஞ்சி பஜாரில் மலிவாக ஒன்றைப் பார்த்து, பிடித்தால் வாங்கிக்கொள்கிறேன் என்று எடுத்துவந்தேன். அதில் ஹெட்போன் மாட்ட வழியில்லை. அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

காலையில் எங்கள் மல்லாட்டைக் கொல்லை வரப்பில் வைத்துப் பார்த்தேன். ஆணிக்கும் அலறுகிறது, சோடா மூடிக்கும் அலறுகிறது. சத்தம் கேட்டுப் பக்கத்துக் கொல்லை ஏழுமலை ஓடிவந்தார். செஞ்சிக் கோட்டையைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர்கள் புதையலைத் தவிர வேறென்ன நினைப்பார்கள்?

“இன்னா கெடச்சுது?”

“துரு புடிச்ச ஆணிண்ணே.”

“எங்கிட்டயே மறைக்கிறியா?”

சாயங்காலம் போனால் வரப்பு நெடுகக் குழி. பிஞ்சு விட்ட கடலைச் செடியெல்லாம் வேரோடு கிடந்தது. யாரைப் போய்க் கேட்பது? மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இனி ஹெட்போன் வைத்ததாகவே வாங்கினாலும் எந்தக் கொல்லையில் இறங்குவேன்?

சோறு போடும்போது மனைவி குரலைத் தாழ்த்தினாள். “எங்கிட்டயாவது சொல்லேன், இன்னா கெடச்சுது?”

சட்டைப்பையிலிருந்து ஆணியை எடுத்துக் காட்டினேன்.

“இத ஊருக்குக் காட்டு. எனக்கு நெசத்தச் சொல்லு” என்றாள்.